ஹாவ் என்ற சொல்லைக் கைவிட்ட டாக்டரம்மா

மேட்ரன் தம் தேநீர்க் கோப்பையைச் சாசரில் வைத்த ஓசை இன்னும் என் காதில் இருக்கிறது. பெரிய ஓசை ஒன்றுமில்லை. அவர் எதையும் சத்தமாகச் செய்கிறவர் அல்ல. ஆனால் காலைச் சாப்பாட்டு மேசையில் அந்தச் சின்ன ஓசை கேட்டால் யாரோ ஏதோ தவறாகப் பேசிவிட்டார்கள் என்று பொருள். ரொட்டித் தட்டை ஏந்திக்கொண்டு நான் சுவரோரமாக நின்றிருந்தேன். டாக்டரம்மா அப்போதுதான், "எஸ்டர்டே ஐ ஹாவ் சீன் தட் வுமன்" என்று தொடங்கியிருந்தார். பிரசவ வார்டில் இருந்த ஒரு பெண்ணை நேற்றுப் பார்த்ததைத்தான் சொல்ல வந்தார். மேட்ரன் உதட்டைத் துடைத்துக்கொண்டு, "எஸ்டர்டே வந்தால் ஹாவ் வராது டாக்டர். ஹாவ் வந்தால் எஸ்டர்டே வராது. இரண்டில் எது வேண்டுமோ அதை வைத்துக்கொள்ளுங்கள்" என்றார். டாக்டரம்மாவின் கழுத்திலிருந்து காதுவரை சிவந்துபோனது. வார்டில் இருந்த பெண்ணைப் பற்றி அவர் சொல்ல வந்தது என்னவென்று கடைசிவரை எங்களுக்குத் தெரியவில்லை. அந்தப் பேச்சு அதோடு நின்றுவிட்டது.

ஐம்பதுகளின் நடுவில் நடந்தது இது. கிருஷ்ணகிரியிலிருந்து ஓசூர் போகிற சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி, புளியமரங்களுக்கு நடுவே இருந்த ஒரு மிஷன் ஆஸ்பத்திரியில் நான் நர்சு வேலை கற்றுக்கொண்டிருந்தேன். அப்போது இந்தப் பக்கமெல்லாம் சேலம் ஜில்லா. இன்று கம்பெனிகளும் கண்டெய்னர் லாரிகளும் அடைத்துக்கொண்டிருக்கும் அந்தச் சாலையில் அன்று மாட்டு வண்டிகள்தான் அதிகம். எங்கள் குடும்பம் கிருஷ்ணகிரியில் பல காலமாக இருந்த கிறிஸ்தவக் குடும்பம். வீட்டில் தமிழ், பக்கத்து வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் என்று வளர்ந்ததால் ஆஸ்பத்திரியில் எனக்கு நர்சு வேலையைவிட மொழிபெயர்ப்பு வேலையே கூடுதலாக இருந்தது. வேப்பனப்பள்ளிப் பக்கத்திலிருந்து வருகிறவர்கள் ஒரே வாக்கியத்தைத் தெலுங்கில் தொடங்கித் தமிழில் முடிப்பார்கள். நான் அதை ஆங்கிலமாக்கிச் சொல்வேன்.

மேட்ரன் இங்கிலாந்துக்காரர். சுதந்திரம் வந்து அவருடைய ஊர்க்காரர்கள் பலர் கப்பலேறிய பிறகும் இங்கேயே இருந்துவிட்டவர். கெட்டவர் என்று அவரை யாரும் சொல்ல முடியாது. காலராக் காலத்தில் மற்றவர்கள் வாசலில் நின்றபோது உள்ளே போய்த் தரையில் மண்டியிட்டு நோயாளிகளின் வாயைத் துடைத்துவிட்டவர் அவர். ஆனால் ஒழுங்கு என்பது அவருக்கு மூச்சு மாதிரி. படுக்கை விரிப்பின் மூலை மடிப்பாக இருந்தாலும் வாக்கியத்தின் வினைச்சொல்லாக இருந்தாலும் கோணலாக இருந்தால் அவருக்குப் பொறுக்காது. டாக்டரம்மா சுவிட்சர்லாந்திலிருந்து வந்தவர். மேட்ரனைவிட வயதில் மிகவும் இளையவர், பதவியில் மூத்தவர். ஆங்கிலம் அவருக்கும் எனக்குப் போலவே பிறகு கற்ற மொழிதான். அதனாலோ என்னவோ என்னிடம் அவர் கூச்சமில்லாமல் பேசுவார்.

அன்று மதியம் ஊசிகளைக் கொதிநீரில் போட்டுக்கொண்டிருந்த என்னிடம் வந்து நின்றார். சுவிட்சர்லாந்தில் எங்கள் ஊர்ப் பேச்சில் நேற்று நடந்ததையும் ஹாவ் போட்டுத்தான் சொல்வோம், போன வருடம் நடந்ததையும் ஹாவ் போட்டுத்தான் சொல்வோம், அது என் நாக்கில் ஊறிப்போய்விட்டது என்றார். பிறகு, "உங்கள் தமிழில் எப்படி?" என்று கேட்டார். யோசித்துப் பார்த்துவிட்டு, வந்தான் என்று ஒன்று உண்டு, வந்திருக்கிறான் என்று ஒன்று உண்டு, வந்துவிட்டான் என்று இன்னொன்றும் உண்டு என்றேன். வந்திருக்கிறான் என்றால் என்ன என்றார். வந்தவன் இன்னும் இங்கேயே இருக்கிறான் என்று அர்த்தம், இல்லாவிட்டால் முன்பு எப்போதோ ஒருமுறை வந்து போனவன் என்றும் அர்த்தம் என்றேன். "ஒரே சொல்லுக்கு இரண்டா? அப்புறம் எப்படிப் புரிந்துகொள்கிறீர்கள்?" என்று அவர் இரண்டு கைகளையும் விரித்தார். அப்படி யாரும் அதுவரை என்னைக் கேட்டதில்லை. "ஆளைப் பார்த்துப் பேசுகிறபோது புரிந்துவிடும், டாக்டர்" என்றேன். அவர் சிரித்தார். "மேட்ரனிடம் எனக்கு அந்த வசதி இல்லை. இனிமேல் எனக்கு ஹாவ் வேண்டாம். எல்லாவற்றுக்கும் டிட் போட்டுவிடுகிறேன். டிட் சொன்னால் யாரும் கோப்பையைக் கீழே வைக்கமாட்டார்கள்."

சொன்னபடியே செய்தார். அடுத்து வந்த நாட்களில் அவர் பேச்சில் ஹாவ் மறைந்துபோனதை நான் கவனித்தேன். சாப்பிட்டாயா, மருந்து குடித்தாளா, காய்ச்சல் குறைந்ததா, எல்லாமே டிட். மேசையில் கோப்பை அமைதியாக இருந்தது. மேட்ரன் ஒருநாள் என்னிடம், டாக்டரின் ஆங்கிலம் தேறிவருகிறது என்று பெருமையாகச் சொன்னார்.

மழைக்கு முந்திய ஒரு காலை வேளையில் ஒரு மனிதர் வந்தார். வேப்பனப்பள்ளிக்குப் பக்கத்து ஊர்க்காரர். சொந்த நிலத்தில் மாங்கன்று வைக்கக் குழி வெட்டிக்கொண்டிருந்தபோது கடப்பாரை பாறையில் பட்டுத் தெறித்துப் பாதத்தில் இறங்கிவிட்டது. தம்பி வண்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார். மனைவி பின்னால் உட்கார்ந்து அவர் காலைத் தன் மடியில் வைத்திருந்தாள். காயத்தில் சாணமும் மண்ணும் அப்பியிருந்தன. அவர் வலியைக் காட்டிக்கொள்ளவில்லை. என்னைப் பார்த்து, "கன்னு நட்டுட்டே வந்திருக்கலாம் நர்சம்மா. இவதான் வண்டியேறுன்னு ஒரே பிடியா நின்னா" என்றார். மனைவி வேறு பக்கம் திரும்பிச் சிரித்தாள். என்னைவிடச் சற்று மூத்தவளாக இருப்பாள். அவள் சிரித்ததை நான் பார்த்தேன். அதனால்தான் பிறகு நடந்தது எதையும் என்னால் மறக்க முடியவில்லை என்று நினைக்கிறேன்.

காயம் கட்டும் அறைக்குப் பாதி உயரத்துக்கு ஒரு ஆடுகதவு உண்டு. நோயாளியோடு வந்தவர்கள் அதைத் தாண்டி உள்ளே வரக்கூடாது என்பது மேட்ரன் வைத்திருந்த விதி. கற்றுக்கொள்கிற நர்சுகள் தங்களைக் கேட்டாலொழிய அந்த அறையில் பேசக்கூடாது என்பதும் அவருடைய விதிதான். நான் வெந்நீர்ப் பாத்திரத்தோடு நின்றிருந்தேன். கதவுக்கு வெளியே அந்தப் பெண்ணின் பாதங்கள் கீழ் இடைவெளியில் தெரிந்தன. செம்மண் ஒட்டிய பாதங்கள். ஒரு நிமிடம்கூட அவை அங்கிருந்து நகரவில்லை.

இந்த மாதிரிக் காயத்துக்கு வலிப்பு ஜன்னி, அதாவது டெட்டனஸ், வராமலிருக்க ஒரு ஊசி போடுவார்கள். சீரம் என்று பெயர். குதிரை ரத்தத்திலிருந்து எடுக்கிற மருந்து. அதை முன்பு எப்போதாவது போட்டுக்கொண்ட உடம்பு என்றால் மறுபடி போடும்போது ஒத்துக்கொள்ளாமல் போகலாம். அப்படிப்பட்டவர்களுக்குத் துளியளவு போட்டு, காத்திருந்து, ஒன்றுமில்லை என்று தெரிந்த பிறகுதான் மீதியைப் போட வேண்டும். முதல் தடவை போடுகிறவர்களுக்கு எங்கள் ஆஸ்பத்திரியில் நேராகப் போட்டுவிடுவது வழக்கம். இன்னொரு வழக்கமும் இருந்தது. டாக்டரம்மா பிரசவ வார்டில் சிக்கிக்கொண்டால், காயத்தோடு வருகிறவர்களுக்கு மேட்ரனே கேட்க வேண்டியதைக் கேட்டு, சீரத்தையும் போட்டு வைத்துவிடுவார்.

டாக்டரம்மா அன்று ஒரு பிரசவத்தை முடித்துவிட்டு நேராக வந்தார். நெற்றியில் வியர்வை. காயத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டே, தலை நிமிராமல், "டிட் ஹி கெட் த சீரம்?" என்று கேட்டார். மேட்ரன், "நோ, டாக்டர்" என்றார். டாக்டரம்மா கை நீட்டினார். மேட்ரன் ஊசியைக் கொடுத்தார். போட்டாயிற்று.

ஊசியைத் தட்டில் வைத்துவிட்டு டாக்டரம்மா காயத்தைக் கழுவத் தொடங்கியிருந்தார். அந்த மனிதர் கழுத்தைச் சொறிந்தார். பிறகு இரண்டு கைகளாலும் மார்பைச் சொறிந்தார். "அரிக்குதும்மா" என்றார். அடுத்து அவர் ஏதோ தெலுங்கில் சொல்ல வாயெடுத்தபோது உதடுகள் வீங்கியிருந்ததைப் பார்த்தேன். கண்ணிமைகள் தடித்து மூடிக்கொண்டன. மூச்சு இழுக்கும்போது குழலுக்குள் கல் உருளுகிற மாதிரி ஒரு சத்தம். டாக்டரம்மா என்னை ஒதுக்கித் தள்ளிக்கொண்டு அலமாரிக்கு ஓடினார். மூச்சைத் திறக்கிற மருந்துக் குப்பியின் கழுத்தை உடைத்ததில் அவர் விரலில் ரத்தம் வந்தது. அந்த மருந்தைப் போட்டார். மறுபடி போட்டார். மார்பில் குத்திப் போட்டார். கைகளை மேலே தூக்கி, விலாவில் அழுத்தி, மூச்சை உள்ளே வரவைக்கப் பார்த்தார். மேட்ரன் தலையைப் பின்னுக்குச் சாய்த்துப் பிடித்திருந்தார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்க்காமல், ஒரு வார்த்தை பேசாமல், நான்கு கைகளும் ஒரே உடம்பின் கைகள் மாதிரி வேலை செய்தார்கள். வந்தபோது பேசிக்கொண்டு வந்த மனிதர். காலில் மட்டுமே அடிபட்டவர். என் கையிலிருந்த வெந்நீர் இன்னும் சூடு ஆறியிருக்கவில்லை. அதற்குள் அவர் போய்விட்டார்.

சத்தம் கேட்டு மனைவி ஆடுகதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். அவர் முகத்தைப் பார்த்தவள் அழவில்லை. வியந்துபோன மாதிரி, "போன வருசமும் இப்பிடியேதான் ஆச்சு" என்றாள். "எருது விட்டப்ப தொடயில கொம்பு குத்திருச்சி. மைசூர்ப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரில இந்த ஊசியத்தான் போட்டாங்கோ. ஒடம்பெல்லாம் தடிச்சி அரிச்சிக்கினே கெடந்தாரு. அப்பறம் வடிஞ்சிருச்சி. இப்பவும் வடிஞ்சிரும் இல்ல நர்சம்மா?"

அதை நான் மொழிபெயர்த்துச் சொல்ல வேண்டியிருந்தது. சொன்னேன். டாக்டரம்மா மெதுவாக மேட்ரன் பக்கம் திரும்பினார்.

"நான் கேட்டேன். நீங்கள் இல்லை என்றீர்கள்."

"சீரம் போட்டாயிற்றா என்று கேட்டீர்கள். நான் போடவில்லை. அதனால் இல்லை என்றேன்."

"இன்றைக்குப் போட்டதையா கேட்டேன்? முன்பு எப்போதாவது என்றல்லவா கேட்டேன்?"

"அப்படியானால் ஹாஸ் ஹி எவர் ஹாட் என்று கேட்டிருக்க வேண்டும், டாக்டர்."

எத்தனையோ வருடப் பழக்கம் அது. தவறாக வருகிற வாக்கியத்தை நேராக்கிக் கொடுப்பது. யோசித்துச் சொன்னதல்ல. சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே கேட்டது. அவர் கை வாயைப் பொத்தியதை நான் பார்த்தேன். சுவரில் கையை ஊன்றிக்கொண்டார். இறந்தவரின் தலைமாட்டில் நின்று அவர் மனைவியின் முன்னால் இலக்கணம் சொல்லிவிட்டார். ஒரு வினைச்சொல். பள்ளிக்கூடத்தில் தவறாக எழுதினால் சிவப்பு மையில் கோடு போடுவார்களே, அதே தவறு.

டாக்டரம்மா என்னைக் கூப்பிட்டார். "இந்தப் பெண்ணிடம் சொல். நான் அவள் கணவனைக் கொன்றுவிட்டேன்." ஐ ஹாவ் கில்ட் ஹர் ஹஸ்பண்ட் என்றார். கைவிட்ட ஹாவ் அந்த வாக்கியத்தில் அவருக்குத் திரும்ப வந்திருந்ததை நான் பிறகுதான் நினைத்துப் பார்த்தேன். மேட்ரன், "இப்போது வேண்டாம் டாக்டர், தயவுசெய்து" என்றார். அதுவரை அந்த மாதிரிக் குரலில் அவர் பேசி நான் கேட்டதில்லை. டாக்டரம்மா கேட்கவில்லை. "சொல்" என்றார் மறுபடியும்.

நான் சொன்னேன். கொன்றுவிட்டார் என்ற சொல் எனக்கு வரவில்லை. "அக்கா, டாக்டரம்மா சொல்றாங்க, அவங்க போட்ட ஊசியாலதான் அண்ணன் போயிட்டாருன்னு. அவங்க தப்புதான்னு சொல்றாங்க" என்றேன். அதற்குள் அவள் தரையில் உட்கார்ந்து அவர் காலைத் தன் மடியில் எடுத்து வைத்துக்கொண்டு அழத் தொடங்கியிருந்தாள். அவள் காதில் விழுந்ததோ இல்லையோ. வாசலில் நின்றிருந்த தம்பிக்கு விழுந்துவிட்டது. மாடு ஓட்டுகிற கோலோடு உள்ளே பாய்ந்து வந்தார். டாக்டரம்மா நகரவில்லை, கையால் முகத்தை மறைக்கவும் இல்லை. ஒரு வெள்ளைக்காரப் பெண் தன் எதிரே அப்படி நிற்பதை அவர் எதிர்பார்க்கவில்லை போலிருக்கிறது. ஓங்கிய கோல் அப்படியே நின்றது. பிறகு அவர் அதைத் தரையில் எறிந்துவிட்டு அண்ணன் மீது விழுந்து அழுதார். சற்று நேரத்தில் வண்டியில் வைக்கோலைப் பரப்பி உடலைக் கிடத்திக்கொண்டு போனார்கள். கடைசியாக நட்ட கன்றுக்குத் தண்ணீர் ஊற்ற யாருமில்லை என்று அவள் சொல்லிச் சொல்லி அழுதது சாலை திரும்புகிறவரை கேட்டது.

அந்த நாளுக்குப் பிறகு சாப்பாட்டு மேசையில் யாரும் பேசிக்கொள்ளவில்லை. குற்றம் யாருடையது என்று சமையலறை முதல் பிரசவ வார்டு வரை எல்லோரும் குசுகுசுத்தார்கள். நானும் பல காலம் அதை மனதுக்குள் புரட்டிப் பார்த்திருக்கிறேன். ஆங்கிலத்தில் டிட் என்று கேட்டால் கேட்கிறவர் மனதில் ஒரு குறிப்பிட்ட நேரம் இருக்க வேண்டும். எந்த நேரம் என்று டாக்டரம்மா சொல்லவில்லை. அதனால் மேட்ரனின் காது தானாகவே ஒரு நேரத்தை எடுத்துப் பொருத்திக்கொண்டது. இன்று காலை. டாக்டரம்மாவின் மனதிலோ அந்தச் சொல்லுக்குள் அந்த மனிதரின் முழு ஆயுளும் இருந்தது. கேள்வி கேட்டவருக்குத் தாம் கேட்டதில் சந்தேகமில்லை. பதில் சொன்னவருக்கும் தாம் சொன்னதில் சந்தேகமில்லை. சந்தேகம் இருந்திருந்தால் யாராவது ஒருவர் திருப்பிக் கேட்டிருப்பார்.

காரியமெல்லாம் முடிந்திருக்கும் என்று தெரிந்த பிறகு டாக்டரம்மா என்னை அழைத்துக்கொண்டு அந்த ஊருக்குப் புறப்பட்டார். போகவேண்டாம் என்று எல்லோரும் சொன்னார்கள். பஸ்ஸில் வேப்பனப்பள்ளி போய், அங்கிருந்து மாந்தோப்புகளுக்கு நடுவே நடந்தோம். ஊருக்குள் நுழைந்ததும் ஜனங்கள் வேலையைப் போட்டுவிட்டுப் பின்னாலேயே வந்தார்கள். திட்டுவார்கள் என்று பயந்துகொண்டு போனேன். ஒரு பெரியவர் கயிற்றுக் கட்டிலைத் தட்டிப் போட்டு, "உக்காருங்கம்மா. அவன் நேரம் முடிஞ்சிபோச்சி. ஆரு என்னா செய்யறது?" என்றார். அதை மொழிபெயர்த்ததும் டாக்டரம்மா தலையை ஆட்டி, "அப்படியில்லை என்று சொல். நேரம் இல்லை, நான்தான்" என்றார். பெரியவருக்கு அது பிடிக்கவில்லை. எழுந்து போய்விட்டார்.

அந்தப் பெண் உள்ளேயிருந்து வந்து கட்டிலுக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். ஒரு சின்னப் பெண் குழந்தை அவள் முதுகில் சாய்ந்துகொண்டு டாக்டரம்மாவின் வெள்ளைக் கால்களையே பார்த்துக்கொண்டிருந்தது. டாக்டரம்மா நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னார். நான் ஒன்றுவிடாமல் தமிழில் சொன்னேன். இரண்டு மாதிரிக் கேள்வி, அதில் தவறான கேள்வி, அதற்கு வந்த பதில். எனக்கே அபத்தமாக இருந்தது. ஒரு உயிர் போனதற்கு இதுவா காரணம் என்று அந்தப் பெண் சிரித்தால்கூட நான் ஆச்சரியப்பட்டிருக்கமாட்டேன். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள். முடிந்ததும் என்னைப் பார்க்காமல் டாக்டரம்மாவைப் பார்த்துக் கேட்டாள்.

"அந்தத் தொரசானிய எதுக்கும்மா கேட்டீங்க? எங்கூட்டுக்காரரப் பத்தி அவுங்களுக்கு என்னா தெரியும்? நான் அங்கதான நின்னுக்கினு இருந்தேன். என்னை ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பனே."

ஆடுகதவின் கீழே நகராமல் நின்ற அந்தப் பாதங்கள் கண்முன் வந்தன. டிட், ஹாவ் என்று இத்தனை நாட்களாக நாங்கள் மூன்று பேரும் மண்டையை உடைத்துக்கொண்டிருந்தோம். சரியான வாக்கியத்தில் கேட்டிருந்தால்கூட, அன்று நோயாளியை எதுவும் கேட்டிராத மேட்ரன் என்ன பதில் சொல்லியிருப்பார்? எனக்குத் தெரியாது என்றுதானே சொல்லியிருப்பார்? பதில் தெரிந்த மனிதர் எங்கள் முன்னாலேயே படுத்திருக்க, அதே பதில் தெரிந்த மனைவி கைக்கெட்டும் தூரத்தில் நின்றிருக்க, அவள் தலைக்கு மேலே அவளுக்குத் தெரியாத மொழியில் அவள் கணவனைப் பற்றி இரண்டு பேர் கேள்வியும் பதிலும் பேசி முடித்துவிட்டார்கள். இது எங்கள் மூவரில் ஒருவர் மனதிலும் அதுவரை தோன்றவில்லை என்பதுதான் எனக்குப் பெரிய அதிர்ச்சி. இன்றும் அது குறையவில்லை.

டாக்டரம்மா என் முகத்தைப் பார்த்தார். "என்ன கேட்டாள்?" என்றார். சொன்னேன். அவர் கட்டிலிலிருந்து இறங்கி மண் தரையில் அவளுக்கு எதிரே உட்கார்ந்தார். வெயில் தாழ்ந்த பிறகு நாங்கள் எழுந்து வந்தோம். அந்தப் பெண் வாசல்வரை வரவில்லை.

திரும்பும் பஸ்ஸில் டாக்டரம்மா என்னிடம் முதன்முதலாகத் தமிழ் கேட்டார். முன்பு எப்போதாவது இந்த ஊசி போட்டிருக்கிறீர்களா என்பதை எப்படிச் சொல்வது என்று. சொன்னேன். அவர் நாக்கில் அது படாதபாடு பட்டது. ஆஸ்பத்திரி வருகிறவரை அந்த ஒரு வாக்கியத்தையே முணுமுணுத்துக்கொண்டு வந்தார். அதற்குப் பிறகு அவருக்கு அது ஜெபம் மாதிரி ஆகிவிட்டது. காயத்தோடு வந்தவரைக் கேட்டார். காய்ச்சலோடு வந்தவரைக் கேட்டார். நோயாளியைக் கேட்டுவிட்டு, கூட வந்தவரை உள்ளே அழைத்து அவரையும் கேட்டார். தெலுங்கில் கேட்கக் கற்றார், கன்னடத்தில் கேட்கக் கற்றார். மருந்து வாங்க வந்த பால்காரரைக் கேட்டு அவர் விழித்ததும் உண்டு. யாரும் சிரிக்கவில்லை.

அந்தப் பெண் கேட்டதை நாங்கள் வந்து சொன்னதும் மேட்ரன் மறுநாளே அந்த ஆடுகதவைக் கழற்றச் சொன்னார். அதற்குப் பிறகு யாருடைய வாக்கியத்தையும் அவர் திருத்தியதை நான் கேட்கவில்லை. நான் வேண்டுமென்றே ஒருநாள் தப்பாகப் பேசிப் பார்த்தேன். அவர் கேட்காதது மாதிரி விரிப்பின் மூலையை மடித்துக்கொண்டிருந்தார். அடுத்த கோடையில் ஊருக்குக் கிளம்பினார். விடுமுறைக்குப் போகிறார் என்றார்கள். பெட்டிகளைக் கட்ட நான் உதவினேன். எல்லாம் முடிந்ததும் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, "அன்றைக்கு நான் சொன்ன பதில் சரியான பதில்தான், இல்லையா?" என்று என்னைக் கேட்டார். "சரிதான், மேடம்" என்றேன். "அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை" என்றார். விடுமுறை முடிந்தும் அவர் திரும்பி வரவில்லை.

நான் அதற்குப் பின் நீண்ட காலம் நர்சாக இருந்து, ஓய்வும் பெற்று, இப்போது ஓசூரில் மகன் வீட்டில் இருக்கிறேன். பக்கத்துக் கம்பெனிகளில் வேலை செய்கிற ஒடியாப் பையன்களும் பீகார்ப் பையன்களும் அடிபட்டு ஆஸ்பத்திரிக்கு வருகிறார்கள். சூப்பர்வைசர் ஆங்கிலத்தில் சொல்ல, டாக்டர் ஆங்கிலத்தில் கேட்க, அந்தப் பையன் இரண்டு பேர் வாயையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பான். போன மாதம் சர்க்கரைப் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்கப் போன இடத்தில் அப்படி ஒருவனைப் பார்த்தேன். என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. எழுந்து போய், "அவனைக் கேளுங்கள்" என்றேன். டாக்டர் மரியாதையாகத்தான் என்னைத் திரும்பி உட்காரச் சொன்னார். என் மகன் எனக்காக மன்னிப்புக் கேட்டான்.

டாக்டரம்மாவும் பிறகு தம் ஊருக்குப் போனார். அதற்கு முந்திய மாங்காய்ப் பருவத்தில் அந்தப் பெண் ஆஸ்பத்திரிக்கு வந்தாள். நான்தான் அவளை முதலில் பார்த்தேன். இடுப்பில் அந்தப் பெண் குழந்தை. கொஞ்சம் வளர்ந்திருந்தது. அதன் உள்ளங்காலில் துருப்பிடித்த ஆணி ஏறியிருந்தது. கிருஷ்ணகிரியில் பெரிய ஆஸ்பத்திரி இருக்கும்போது, எந்த ஊசியால் தாலி போனதோ அதே ஊசிக்கு அதே இடத்துக்கு அவள் நடந்து வந்திருந்தாள். டாக்டரம்மா அவளை அடையாளம் கண்டுகொண்டார். குழந்தையின் எதிரே மண்டியிட்டு, பிறகு தலை நிமிர்ந்து அவளைப் பார்த்து, "முன்னே எப்பவாவது இந்த ஊசி போட்டிருக்கா?" என்று தெளிவாகக் கேட்டார்.

"இல்லம்மா. இதான் மொதல்" என்றாள் அவள்.

முதல் தடவைதான் என்றாலும் டாக்டரம்மா துளியளவுதான் முதலில் போட்டார். பிறகு மூன்று பெண்களும் அந்தப் பிஞ்சுக் கையைச் சுற்றி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். தடிக்கவில்லை, சிவக்கவில்லை. குழந்தைதான் எங்களைப் பார்த்துப் பயந்து அழுதது. மீதி மருந்தையும் போட்டுக் கட்டும் கட்டிய பிறகு, எனக்கு மனது கேட்காமல் அவளை வராந்தாவில் நிறுத்தினேன்.

"ஏன்க்கா, இவ்ளோ நடந்தும் இங்கயே வந்தீங்க?"

அவள் குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு, முந்தானையால் அதன் மூக்கைத் துடைத்தாள்.

"இங்கதான் கேக்கறாங்கன்னு சொன்னாங்கோ" என்றாள்.